அப்பா கால் துடைத்த வாசல்

என் அப்பா மயங்கி விழவில்லை. வழுக்கி விழுந்தார். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது புரியாமல் போனதால் அவர் உயிரே போகப் பார்த்தது. அதனால் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் யாருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கம்பத்தில் இருக்கும் என் தம்பி செல்வம் இதைப் படிக்க வேண்டும் என்பது. அவன் படிப்பான். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் படித்து முடித்த பிறகாவது படிப்பான்.

நான் தேனியில் குடியிருக்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. எந்த நட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றன்று நடந்ததை எழுதி வைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். எங்கள் மில்லில் ஒரு முறை உண்டு. தரையில் எண்ணெய் சிந்தினால் முதலில் மரத்தூளைக் கொட்ட வேண்டும். சிந்தியது யார் என்ற விசாரணை அதற்குப் பிறகு. ஆனால் விசாரணை கட்டாயம் உண்டு. இந்த விஷயத்திலும் அந்த முறையைத்தான் கடைப்பிடித்தேன்.

அப்பா ஆயுசு முழுக்கத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றவர். அம்மா காலமான பிறகு செல்வத்தின் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கியும் பந்தல் பக்கம் போகாமல் அவருக்குப் பொழுது போகாது. போய் வந்தால் வாசல் குழாயில் முழங்கால் வரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். வெளியே போன காலைக் கழுவாமல் உள்ளே வந்தால் வீடே தீட்டானது போல முகம் சுளிப்பார்கள். பழைய வீட்டில் இதனால் ஒன்றும் வரவில்லை. அது சொரசொரப்பான சிமெண்டுத் தரை. ஈரக்காலை அதுவே பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

செல்வம் ஏலக்காய் வியாபாரி. புது வீடு கட்டியபோது வாசற்படி முதல் பூஜையறை வரை முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் போட்டான். வாசலுக்கும் குளியலறைக்குமாவது சொரசொரப்பானதாகப் போடு என்று அன்றைக்கே சொன்னேன்.

"அக்கா, இது உன் மில்லு இல்ல. வீடு" என்றான்.

அப்பா அவராக ஒரு வழி செய்துகொண்டார். உரம் வந்த சணல் சாக்கு ஒன்றை உதறி, இரண்டாக மடித்து, வாசல் நிலைக்கு வெளியே போட்டுக்கொண்டார். குழாயில் கால் கழுவுவார், சாக்கில் அழுத்தித் துடைப்பார், உள்ளே போவார். குடிபுகுந்த நாளிலிருந்து அந்தச் சாக்குதான் அவரைக் காப்பாற்றி வந்தது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்காகச் சொந்தக்காரர்களும் செல்வத்தோடு வியாபாரம் செய்கிறவர்களும் அவன் வீட்டில் வந்து தங்கினார்கள். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் மனைவி கவிதா போன் செய்தாள்.

"மதினி, மாமா விழுந்துட்டாக. தலைசுத்தி விழுந்துட்டாகன்னு இவுக சொல்றாக. ஆம்புலன்ஸ்ல தேனிக்குத்தான் கூட்டிட்டு வாராக."

இவுக சொல்றாக என்று அவள் சொன்ன விதம் என் காதில் சிக்கிக்கொண்டது. அப்போது அதற்கு அர்த்தம் பிடிபடவில்லை.

மருத்துவமனை வாசலில் நானும் என் வீட்டுக்காரரும் காத்திருந்தோம். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே அப்பாவின் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் மேல்முனையில், இடுப்புக் கிண்ணத்துக்குள் பொருந்துகிற உருண்டைக்குக் கீழே, ஒரு குறுகலான கழுத்து உண்டாம். அது முறிந்தால் கால் இப்படித்தான் கிடக்குமாம். வயதானவர்கள் விழுந்த பிறகு ஒரு கால் இப்படித் தெரிந்தால், தூக்கி உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துப் பார்க்காதீர்கள். அசைக்காமல் கொண்டு போங்கள்.

அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து குனிந்தார்.

"ஐயா, எப்படி விழுந்தீங்க?"

"கால் வழுக்கிருச்சு சாமி."

செல்வம் குறுக்கே வந்தான். "இல்ல சார். தலைசுத்தி விழுந்தாரு. அவருக்கு ஞாபகம் இல்ல."

"ஏலே, எனக்கா ஞாபகம் இல்ல?"

"நீங்க சும்மா இருங்கப்பா. பேசாதீங்க, வலி கூடும்."

டாக்டர் ஒரு நிமிடம் இருவரையும் பார்த்தார். அழுக்கு வேட்டியோடு படுத்திருந்தவர் சொன்னதை விட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு நின்றவன் சொன்னதை எழுதிக்கொண்டார். அன்றைக்கு நானும் தம்பி சொன்னதைத்தான் நம்பினேன். அந்த ஒரு பொய்யால் என்னென்ன நடந்தது என்பதைக் கேளுங்கள்.

கால் வழுக்கி விழுந்தால் அது எலும்பு டாக்டரின் வேலை. தலைசுற்றி விழுந்து, விழுந்ததும் நினைவில்லை என்றால் கதையே வேறு. இதயம் ஒரு நொடி நின்றதா, மூளையில் அடைப்பா, கழுத்து ரத்தக்குழாயில் தடையா என்று பார்த்த பிறகுதான் மயக்க மருந்து டாக்டர் சம்மதிப்பார். அது அவர்கள் தப்பில்லை. காரணம் தெரியாத மயக்கத்தோடு வந்தவரை மேஜையில் ஏற்றினால் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். ஆக, ஈ.சி.ஜி., தலை ஸ்கேன், இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று படமாகக் காட்டும் எக்கோ, கழுத்து ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக நடந்தன. கடைசியாக நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற சின்னப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரெச்சர், லிப்ட், வரிசை, இரும்பு நாற்காலி. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார். முறிந்த எலும்பு அப்படியே கிடந்தது. காலில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஞாபகம் இல்லாதவர்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அந்த ஆள் சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறாது. நர்ஸுகள் அவரிடம் உரக்கப் பேசினார்கள்.

"தாத்தா! இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. நீ தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்த்தா, மெதுவாவே பேசு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனாலும் கட்டில் கம்பியை ஏற்றித்தான் விட்டாள்.

அதற்குமேல் அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எப்பவும் செல்வம் பக்கத்தில் நின்றான். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "வயசாயிருச்சுல்ல, தலைசுத்திருச்சு" என்று அவனே முதலில் சொல்லி முடித்துவிடுவான். அப்பா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல். இருமினால் நெஞ்சுக்குள் சளி கொரகொரத்தது. மல்லாக்கப் படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாதாம். அங்கே சளி தேங்கி நிமோனியா ஆகிவிடும். இடுப்பு முறிந்த வயதானவர்களில் பலரைக் கொண்டுபோவது எலும்பு இல்லை, இந்தப் படுக்கைதான் என்று வார்டு டாக்டர் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். பந்தலில் கை உயர்த்தி நாளெல்லாம் கவாத்து வெட்டிய மனுஷன், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மூச்சு வாங்கினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. அவர் இனி நடப்பாரா என்று இல்லை, இருப்பாரா என்று.

அவருடைய கண்ணாடியும் கனமான போர்வையும் கம்பத்தில் இருந்தன. எடுத்து வரப் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பந்தல்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். வழக்கம்போலக் குழாயில் கால் கழுவினேன். நிலையைத் தாண்டி வலது காலை வைத்தேன். அது என்னுடைய கால் மாதிரியே இல்லை, தானாக முன்னால் போயிற்று. கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தேன். பிடியை விடாமல் காலை ஊன்றிக்கொண்டேன். பிறகு குனிந்து பார்த்தேன். வாசல் துடைத்து வைத்தது போல இருந்தது.

"கவிதா, இங்கன கெடந்த சாக்கு எங்க?"

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். 

"எந்தச் சாக்கு மதினி?"

"அப்பா கால் துடைக்கிற சாக்கு."

திரும்பிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "விருந்தாளுக வாராகன்னு இவுகதான் எடுக்கச் சொன்னாக. 'வாசல்ல சாக்கு கெடந்தா குடோன் மாதிரி இருக்கு'ன்னு சொன்னாக. மோட்டார் ரூம்ல கெடக்கு."

"அப்பா விழும்போது நீ பார்த்தியா?"

"அந்தா அங்கனதான் நின்னேன். கால் கழுவிட்டு வந்தாக. சாக்கு இருக்கும்னு நெனச்சுத் துடைக்கக் கால நீட்டுனாக மதினி. அப்படியே போயிருச்சு."

"மயக்கமா இருந்தாரா?"

"ஐயோ, இல்ல. விழுந்து கெடக்கும்போதே 'சாக்க எவன்டா எடுத்தது'ன்னுதான் கேட்டாக. கூடத்துல இருந்தவுக எல்லாருக்கும் கேட்டுச்சு. இவுகதான் உடனே 'தலைசுத்திருச்சு, தலைசுத்திருச்சு'ன்னு சத்தம் போட்டாக."

நான் கண்ணாடியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரவில்லை. மண்டைக்குள் ஒரே ஒரு யோசனைதான் ஓடிற்று. இவனை என்ன செய்யலாம்?

முதலில் மரத்தூள். எலும்பு டாக்டர் மாலையில் சுற்று வரும் நேரத்துக்கு வார்டு வாசலில் நின்றேன். அவர் நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். நடந்ததைச் சொன்னேன். "பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். அவர் முன்னாலேயே கவிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். புருஷனுக்கு எதிராகச் சொல்கிறோம் என்று தெரிந்தும் அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எங்களுக்கு நடந்த நல்லதுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

டாக்டர் அப்பாவிடம் போனார். இந்த முறை செல்வத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

"ஐயா, விழுந்ததும் நீங்க பேசின முதல் வார்த்தை என்ன?"

"சாக்க எவன்டா எடுத்ததுன்னு கேட்டேன் சாமி. இப்ப வரைக்கும் ஒருத்தனும் பதில் சொல்லல."

டாக்டர் வெளியே வந்து செல்வத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "டெஸ்ட் எல்லாம் நார்மல். நார்மலாத்தான் இருக்கும். இதை வந்தன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே ஆபரேஷன் பண்ணியிருப்பேன். இந்தச் சளி வந்திருக்காது. இப்போ நெஞ்சு கொஞ்சம் தெளியணும். காத்திருக்கணும்."

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் லிப்டுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாக அக்கா. மகன் எடுத்துப் போட்ட சாக்காலதான் அப்பன் விழுந்தான்னு ஊரெல்லாம் பேசணுமா?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"பேசணும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பில்லு பூராவும் நான்தானே கட்டுறேன்? உன்கிட்ட ஒத்த ரூவா கேட்டேனா?"

"பில்லு நீ கட்டு. அபராதம் நான் போடுறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தேன். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். செல்வம் "தலைசுத்தி" என்று வாயெடுக்கும்போதே நான் முந்திக்கொண்டு, "இல்ல, வாசல்ல கெடந்த சாக்க செல்வம் எடுத்துப் போட்டுட்டான். ஈரக்கால் வழுக்கிருச்சு" என்பேன். ஒரே வாக்கியம். கூட்டாமல் குறைக்காமல் எல்லோரிடமும் அதையே. ஆண்டிபட்டியிலிருந்து அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வந்தபோது அவன் நழுவப் பார்த்தான். அத்தை விடவில்லை.

"ஏலே செல்வம், இங்கன வா. நீ என்ன யாவாரம் பண்ற?"

"ஏலக்காய் அத்தை. தெரியாத மாதிரி கேக்குறீக."

"ஏலக்காய எதுல கட்டி அனுப்புற? பட்டுச் சேலையிலயா?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். அத்தை இன்னும் முடிக்கவில்லை. "சாக்கக் கட்டித் தூக்கிச் சம்பாரிச்ச காசுல வீட்டக் கட்டிட்டு, அந்த வீட்டு வாசல்ல சாக்கு கெடந்தா ஒனக்குக் கேவலமாக்கும்?"

அப்பா விழுந்த நாளிலிருந்து முதல்முறையாக அன்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து சளியும் கொஞ்சம் வெளியே வந்தது. நர்ஸ், "தாத்தாவை இப்படியே சிரிக்க வைங்க" என்றாள்.

நெஞ்சு விரிவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் மூன்று பந்துகள், ஒரு குழாய். குழாயில் மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். முதல் நாள் ஒரு பந்து பாதி உயரம்கூட ஏறவில்லை. அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டார். அத்தை வந்து போன மறுநாள் அவராகவே கேட்டு வாங்கினார்.

"ஆத்தா, இந்த மொதப் பந்துக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்னப்பா?"

"செல்வம். ரெண்டாவது அவன் வீட்டு டைல்ஸு. மூணாவது, எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்ன வாயி." இழுத்தார். முதல் பந்து தொப்பென்று மேலே முட்டியது.

டாக்டர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. அப்பாவின் காய்ச்சலை இறக்கியதில் மருந்துக்கு ஒரு பங்கு, வன்மத்துக்கு ஒரு பங்கு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

நெஞ்சு தெளிந்ததும் ஆபரேஷன். முறிந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டையை வைப்பது, பாதி மூட்டு மாற்று என்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். ஆள் முழித்துக்கொண்டேதான் இருப்பார். தியேட்டர் வாசலில் கவிதா பிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "ஏன் தள்ளி உக்காந்திருக்க, வா" என்றேன். வந்தாள். செல்வம் எதிர்ச் சுவரோரம் நின்றான். அவனை நான் கூப்பிடவில்லை.

மறுநாளே கட்டிலில் உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைப்பது என்று நாட்கள் போயின. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் முன் தினமும் வந்து, தன்னுடைய ரேசரிலேயே அப்பாவுக்கு முகம் மழித்துவிடுவார்.  அப்பா தாடையை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

நடக்கப் பழக்கிய பிசியோதெரபிப் பெண் போடிநாயக்கனூர்க்காரி. கலகலப்பானவள். "தாத்தா, நடந்து எங்க போகணும்னு ஒரு ஆசை வெச்சுக்கங்க. அப்பத்தான் வலி தெரியாது" என்றாள்.

"இருக்குத்தா."

"எங்க? கோயிலுக்கா?"

"ஒருத்தன் வீட்டுக்குள்ள நடந்து போகணும்."

நான் அவரைத் தேனிக்கே, என் வீட்டுக்கே கூட்டிப்போவதாக இருந்தேன். அன்றைக்குத்தான் அவர் மனசு தெரிந்தது. "ஒன் வீட்டுக்கு வந்தா நான் பயந்து ஓடி வந்த மாதிரி ஆயிரும்த்தா. அங்கனதான் போவேன்."

அதே வாசல், அதே தரை. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆக, அந்த வீட்டைச் சரிசெய்ய வேண்டும். என் பழிக்கும் அதுதான் தோதான இடம்.

பிசியோதெரபிப் பெண்ணைக் கூட வைத்துக்கொண்டே என்னென்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மில் பிட்டரை டிரில்லிங் மெஷினோடு கம்பத்துக்கு அழைத்துப்போனேன். கழிப்பறையில் உட்கார்ந்து எழ ஒரு கைப்பிடி, குளிக்கிற இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. கைப்பிடி என்றால் துண்டு போடுகிற கம்பி இல்லை. ஆள் முழு எடையையும் போட்டுத் தொங்கினாலும் அசையாத இரும்பு.

"டைல்ஸ்ல ஓட்டை போட்டா விரிஞ்சிரும் அக்கா" என்றான் செல்வம்.

"அப்பா இடுப்பு விரிஞ்ச மாதிரியா?"

மெஷின் உறுமும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டான். குளியலறையில் தாமரைப்பூ போட்ட டைல்ஸ் ஒன்று மேலிருந்து கீழாக விரிந்தது. பிட்டர் பதறி என்னைப் பார்த்தார். "பரவாயில்ல, அடுத்ததப் போடுங்க" என்றேன். அதை மாற்றவும் விடவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது.

குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி எரிகிற சின்ன விளக்கு, கூடத்தில் குறுக்கே கிடந்த டிவி ஒயரைச் சுவரோரம் ஒட்டியது, பிடி இல்லாத முக்காலிக்குப் பதிலாகக் கைவைத்த நாற்காலி. செருப்பில்தான் அப்பாவே முரண்டு பிடித்தார். ரப்பர் அடி வைத்த செருப்பை வீட்டுக்குள் போட வேண்டும் என்றதும், "சாமி படம் இருக்கிற வீட்ல செருப்பா?" என்றார். தெருவை ஒரு நாளும் மிதிக்காத புதுச் செருப்பு என்று கவிதாதான் அதை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து வைத்தாள். போட்டுக்கொண்டார். கண் டாக்டரிடம் காட்டி கண்ணாடியை மாற்றினோம். தூக்கத்துக்கு அவர் பல வருஷமாகப் போட்டுவந்த மாத்திரையை டாக்டரே படிப்படியாக நிறுத்தினார். வயதானவர்களை விழ வைப்பதில் அதற்கும் பங்கு உண்டாம்.

வாசல்தான் மிச்சம். செல்வம் கடையிலிருந்து பூப்போட்ட மிதியடி ஒன்று வாங்கி வந்து பெருமையாக விரித்தான். பிட்டர் அதன்மேல் காலை வைத்தார், மிதியடி அவரையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்தது. தரையில் ஒட்டாமல் கிடக்கிற எதுவும் ஆபத்துதான். அப்பாவின் பழைய சாக்கையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தனை நாள் அவர் தப்பித்தது அதிர்ஷ்டம். ஒட்ட வேண்டும், நான்கு ஓரமும் தூக்காமல் ஒட்ட வேண்டும்.

"எதை ஒட்டப்போற?" என்றான்.

தெருமுனையில் இருக்கும் அவனுடைய குடோனுக்குப் போனேன். ஏலக்காய் கட்டி அனுப்ப வைத்திருந்த புதுச் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீல மையில் அச்சுத்தகடு வைத்து அவன் பெயர் அடித்திருக்கும். சாண் உயர எழுத்தில் 'செல்வம்'. ஒன்றை எடுத்துவந்து நிலைக்கு வெளியே விரித்தேன். பெயர் மேலே வருமாறு திருப்பி, உள்ளே போகிறவர் பாதம் எங்கே விழுமோ அங்கே எழுத்து வருமாறு நேர்படுத்தினேன். பிட்டர் பசை தடவி ஒட்டினார். ஓரங்களுக்கு அலுமினியப் பட்டி அடித்தார்.

"அக்கா, பேரைக் கீழ திருப்பி ஒட்டேன்" என்றான். 

"திருப்பினா ஒட்டாது" என்றேன். ஒட்டும். அவனுக்கும் தெரியும்.

அப்பா வந்து இறங்கிய அன்று அத்தையும் திருவிழாவுக்குத் தங்கியவர்களில் சிலரும் வந்திருந்தார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். குழாயடியில் போட்டிருந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டார். வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து வாசலுக்கு வந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான். 'செல்வம்' என்பதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது காலைத் துடைத்தார். இடது காலைத் துடைத்தார். மறுபடியும் வலது கால்.

நிலைக்கு உள்ளே செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "போதும்ப்பா. காஞ்சிருச்சு."

"ஏலே, இன்னும் ஈரம் இருக்கு" என்றார் அப்பா. நிறுத்தவில்லை. அவருக்குத் திருப்தி ஆன பிறகுதான் உள்ளே காலை வைத்தார். கால் வழுக்கவில்லை.

இப்போது அவர் தினமும் பந்தல் வரை கைத்தடியோடு போய் வருகிறார். வீட்டுக்கு வருகிற ஏலக்காய் வியாபாரிகளும் கால் கழுவி, துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். நேற்று போயிருந்தேன். சாக்கில் அவன் பெயரின் நடுவில் இரண்டு எழுத்து மங்கிவிட்டது, மிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

செல்வத்திடம் கையை நீட்டினேன். "குடோன் சாவி. சாக்க மாத்தணும்."

என்னைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.